அக்குள் சிக்கு

எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியோடுதான் தொடங்கும். "பூனையைக் குளிப்பாட்ட எவ்வளவு வாங்குறீங்க?"

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "முன்னங்கால் அக்குள்ல கை வச்சுப் பார்த்தீங்களா? கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்படுதா?"

கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. பிறகு, "அது எங்கங்க தொட விடுது?" என்பார்கள். வேலை என்னவென்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிடும். குளியலுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கிறது.

சென்னையில் வீடு வீடாகப் போய் பூனைகளுக்கு முடி சீவிவிடுவது என் தொழில். சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பின்னால் வாடிக்கையாளர்கள் ஆனதும் உண்டு. இதற்கு முன்பு நாய்களுக்கான ஒரு குரூமிங் கடையில் வேலை பார்த்தேன். நாயை மேஜையில் ஏற்றி, கழுத்தில் வார் மாட்டி, ட்ரையரைப் போட்டால் பெரும்பாலும் நம்மை நம்பி நிற்கும். அதே கடைக்குப் பெர்ஷியன் பூனைகளும் வரும். ஆட்டோவில் வந்த பயத்திலேயே கூடைக்குள் சிறுநீர் போய் நனைந்திருக்கும். பக்கத்துக் கூண்டில் ஒரு லேப்ரடார் குரைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இருக்கும் பூனையை நாலு பேர் பிடித்து, ஒரு மணி நேரத்தில் குளிப்பாட்டி, சீவி, ரிப்பன் கட்டி அனுப்புவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த தடவை அதே பூனை கூடையைக் கண்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதன் வீட்டிலேயே, அதன் வாசனைக்கு நடுவிலேயே செய்தால் பாதிப் பயத்தைத் தவிர்க்கலாம் என்று நினைத்துத்தான் தனியாக வந்தேன்.

பெர்ஷியன் சென்னை வெயிலுக்கு ஏற்ற பூனையா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அது வந்தாகிவிட்டது. பிறந்தநாள் பரிசாக வந்தது, கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் வாங்கியது, கல்யாணமாகிப் போன மகள் அம்மா வீட்டிலேயே விட்டுப்போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. வாங்கும்போது விற்பவர், "பூனை தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும், ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருப்பார். நாட்டுப் பூனைக்கு அது முழு உண்மை. பூனையின் நாக்கில் தொண்டைப் பக்கம் வளைந்த சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு குழி. அந்தக் குழியில் எச்சில் ஏறி, முடியின் அடிவரை போய்த் தோலை நனைக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் அலெக்சிஸ் நோயெல், டேவிட் ஹூ என்ற இருவர் புலி, சிங்கம் முதல் வீட்டுப் பூனை வரை நாக்குகளை ஆராய்ந்து 2018இல் இதை வெளியிட்டார்கள். அதே ஆய்வில் பெர்ஷியன் மட்டும் தனித்து நின்றது. அதன் முடி எவ்வளவு அமுங்கினாலும் நாக்கு முள் தோலை எட்டவில்லை. ஆக, நாள் முழுக்க நக்கினாலும் மேல் முடிதான் பளபளக்கும். அடியில் உதிர்ந்த பஞ்சு முடி வெளியேற வழியில்லாமல் மேல் முடியைச் சுற்றிக்கொள்ளும். எங்கெல்லாம் உரசல் இருக்கிறதோ அங்கெல்லாம் அது இறுகும். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், அடிவயிற்றில், பின்தொடையில். ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். மழைக்காலம் முடிந்ததும் எனக்கு வேலை அதிகம்.

ஒரு வீட்டுக்குப் போனால் நான் பூனையைத் தேட மாட்டேன். ஹாலில் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பேன். நாய் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பையை எடுத்துப் போவதே இல்லை, நாய் வாசனை ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் பூனை வந்து பையை முகர்ந்துவிட்டுப் போகும். வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இருக்கிறது, வீட்டைப் பார்ப்பது. குக்கர் அடுப்பில் இருக்கிறதா? எத்தனை விசில் பாக்கி? சிலிண்டர் இன்றைக்கு வருமா? மிக்ஸி போட வேண்டியதை இப்போதே போட்டுவிடச் சொல்வேன். காலிங் பெல்லை அணைத்து வைக்க முடிந்தால் நல்லது. பெரும்பாலான வீடுகளில் பூனை பயப்படுவது சீப்பைப் பார்த்து என்று நினைக்கிறார்கள். கையில் சீப்பு இருக்கும் நேரத்தில் விசில் அடித்தால் அது விசிலையும் சீப்பையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அதற்கடுத்த வேலை ஆட்களை வெளியே அனுப்புவது. பூனைக்கு முடி வெட்டுகிறார்கள் என்றால் பக்கத்து ஃபிளாட் பிள்ளைகள்வரை வந்துவிடுவார்கள். எனக்கு ஒரே ஒரு ஆள் போதும். பூனை யார் மடியில் தூங்குமோ அவர். கட்டிலும் பீரோவும் இல்லாத ஒரு சின்ன அறை, மெதுவாகச் சுற்றும் ஃபேன், சாத்திய ஜன்னல். தரையில் அது தினமும் படுக்கும் பழைய போர்வை. புதுத்துண்டு விரித்தால் எனக்குக் கோபம் வரும். புதுத்துண்டில் கடை வாசனைதான் இருக்கும், பூனையின் வாசனை இருக்காது.

பெரம்பூரில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அவர் மனைவி வீட்டோடு இருப்பவர். மகள் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனபோது பூனை இவர்களிடம் தங்கிவிட்டது. பெயர் பட்டு. ஐந்து வயது ஆண் பூனை, வெண்ணெய் நிறம். மகள் இருந்தவரை சீவியிருக்கிறாள். அதன்பிறகு அந்தம்மா சீப்பை எடுத்தால் கடித்திருக்கிறது, விட்டுவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள்.

பட்டு அந்தம்மா மடியில் படுத்திருந்தது. முதலில் நான் கன்னத்தைத்தான் தொட்டேன், விரலின் பின்பக்கத்தால். கன்னமும் மோவாயும் பூனைகள் தாமாகவே கொண்டுவந்து உரசும் இடங்கள். அங்கிருந்து தோள்பட்டை. அங்கிருந்து கை தற்செயலாக இறங்குவதுபோல நெஞ்சின் பக்கவாட்டுக்கு. இடது அக்குளில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. தொட்டதும் வால் நுனி ஒரு தடவை தரையில் அடித்தது. கையை எடுத்துவிட்டேன்.

வால் நுனி முதல் எச்சரிக்கை. அடுத்தது முதுகுத் தோல் ஒரு அலையாக ஓடும். காதுகள் பக்கவாட்டில் திரும்பும். கண்மணி அகன்று கண்ணே கறுப்பாகத் தெரியும். தீனி எதுவும் இல்லாமலேயே மூக்கை நக்கிக்கொள்ளும். இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் பூனை கடிக்கிறது. "திடீர்னு கடிச்சிருச்சு" என்று சொல்பவர்கள் இவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். வாய் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பூனை சாதாரணமாக அப்படி மூச்சு விடாது. அதிலும் பெர்ஷியனுக்கு மூக்கு அமுங்கியது, வெளியே தெரியாத இதயத் தசை நோயும் இந்த இனத்தில் உண்டு. மூச்சு சீக்கிரம் தணியாவிட்டால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

பட்டுவுக்கு வால் அடங்கியதும் மறுபடி கன்னத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்தம்மா கையில் ஒரு கிரீம் ட்ரீட் பாக்கெட் கொடுத்திருந்தேன். என் கை அக்குளில் இருக்கும்வரை அவர் அதை நக்கக் கொடுக்க வேண்டும். நான் கையை எடுத்தால் அவரும் எடுத்துவிட வேண்டும். இதில் பலரும் சொதப்புவார்கள், பாவமாக இருக்கிறதென்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தம்மா கச்சிதமாகச் செய்தார்.

முன்னங்காலைப் பக்கவாட்டில் தூக்கக் கூடாது. பூனையின் தோள் அப்படி விரிவதற்கானது இல்லை, வலிக்கும். காலை மெல்ல முன்னால் நீட்டினால் அக்குள் தானாகத் திறக்கும். இடது கையின் இரண்டு விரல்களைத் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் நுழைத்துக்கொண்டேன். இதற்கப்புறம் சிக்கை எவ்வளவு அசைத்தாலும் இழுவை என் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. ஒரு சிட்டிகை சோள மாவைத் தூவி, வலது கை விரல் நுனிகளால் சிக்கின் ஓரத்திலிருந்து நாலைந்து முடிகளாகப் பிரித்தேன். மாவு எண்ணெய்ப் பசையை உறிஞ்சுவதால் முடி வழுக்கிப் பிரியும். முகப்பவுடர் போடக்கூடாது, அது மூச்சில் போகும். வெளி ஓரம் தளர்ந்ததும் ஸ்டீல் சீப்பின் அகலப் பல் பக்கத்தால் முடி நுனியை மட்டும் சீவினேன். நுனி பிரிந்ததும் அதற்கு அரை அங்குலம் உள்ளே. அடியிலிருந்து சீப்பை இழுத்தவர்களைத்தான் பூனை கடித்திருக்கிறது.

பாதிச் சிக்கு வந்திருக்கும். வால் நுனி லேசாக அசைந்தது. நான் நிறுத்திவிட்டு, மீதி ட்ரீட்டை முழுசாகக் கொடுக்கச் சொன்னேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அவ்வளவுதானா? நான் கழுத்தைப் பிடிச்சுக்கிறேன், ஒரே வெட்டா வெட்டி எடுத்துருங்களேன்."

"வெட்டிரலாம் சார். நாளைக்கு நீங்க சீப்பை எடுத்தா?"

"எடுத்தா என்ன?"

"இதே பூனை உங்களைக் கிட்டவே சேர்க்காது. எனக்கென்ன, நான் போயிருவேன்."

அவருக்கு முழுசாகத் திருப்தியில்லை. பூனை மடியில் படுத்துத் தின்றுகொண்டிருந்ததற்கு விசிட் காசு வாங்குகிறாளே என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. இந்தத் தொழிலில் வேலை நன்றாக நடந்தால் வேலையே நடக்காத மாதிரிதான் இருக்கும். அடுத்த வாரம் போனபோது பட்டு என் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மீதிச் சிக்கு அன்றைக்கு வந்துவிட்டது.

பிடரியைப் பிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. தாய்ப்பூனை குட்டியை அப்படித்தான் தூக்குகிறது என்பார்கள். குட்டி நூறு கிராம், இது ஐந்து கிலோ. அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட கையாளும் முறைகளிலேயே பிடரியில் தூக்குவது தேவையற்றது, வலிக்கக் கூடியது என்று சொல்லிவிட்டார்கள். பிடரியில் பிடித்தால் பூனை அசையாமல் இருப்பது உண்மைதான். பயத்தில் உறைந்து கிடப்பதை அமைதி என்று எடுத்துக்கொள்கிறோம். தலையை ஒரு துண்டால் லேசாக மூடிவிட்டாலே பல பூனைகள் தாமாக அடங்கிவிடும். சிலதுக்குத் துண்டும் ஆகாது, அதுகளுக்கு மடிதான்.

கத்தரிக்கோலைப் பற்றி மட்டும் நான் கத்துவேன். பூனையின் தோல் மிக மெல்லியது, உடம்போடு ஒட்டாமல் தளர்வாக இருப்பது. சிக்கைப் பிடித்து இழுத்தால் தோலும் சேர்ந்து ஷாமியானா மாதிரி கூம்பி மேலே வந்துவிடும். பார்ப்பவருக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. "அடியில கொஞ்சம் இடம் விட்டுத்தான் வெட்டினேன்" என்று சொல்வார்கள், அவர்கள் விட்ட இடம்தான் தோல். வெட்டுப்பட்ட உடனே ரத்தம் அதிகம் வராது, முடி மறைத்துவிடும். மறுநாள் பூனை ஓரமாகப் படுத்து நக்கிக்கொண்டிருக்கும்போதுதான் வாய் பிளந்த காயம் கண்ணில் படும். பிறகு மயக்கம் கொடுத்துத் தையல். சிக்கின் நடுவில் நீளவாக்கில் பிளக்க ஒரு சின்னக் கருவி உண்டு. அதன் கூர்முனை எப்போதும் தோலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். அதையும் வீட்டுக்காரர்கள் கையில் நான் கொடுப்பதில்லை.

வீட்டு வைத்தியங்களில் தேங்காய் எண்ணெய்தான் அதிகம். நம் தலைக்குச் சிக்கெடுக்க எண்ணெய் தேய்ப்போம் இல்லையா, அதே நியாயம். பூனைக்குத் தேய்த்தால் தூசி முழுக்க ஒட்டி, சிக்கு இன்னும் கெட்டிப்படும். போதாததற்கு அது அத்தனை எண்ணெயையும் நக்கி விழுங்கி வயிற்றால் போகும். மஞ்சள் தடவுவார்கள், வெள்ளைப் பூனை மஞ்சள் பூனையாவதோடு சரி. இவையெல்லாம் தொந்தரவு, உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்தானவை வேறு. குளிக்கிற தண்ணீரில் டெட்டால் ஊற்றுவது, ஃபினாயில் துடைத்த ஈரத்தரையில் பூனையை விடுவது, நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மிச்சமிருக்கிறதே என்று பூனைக்கும் போடுவது. பூனையின் ஈரலுக்குச் சில ரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் திறன் குறைவு. நாய் உண்ணி மருந்துகளில் பலவற்றிலும் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்குப் பட்டால் நடுக்கம், வலிப்பு வந்து சாகக்கூடும். ஒரு வீட்டில் நான் பையைத் திறக்கும் முன்பே அந்தம்மா பெருமையாக, "நேத்துதான் உண்ணி பவுடர் போட்டேன்" என்று ஒரு டப்பாவைக் காட்டினார். அன்றைக்குச் சீப்பே எடுக்கவில்லை, நேராக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பூனை பிழைத்தது.

மொத்தமாகச் சடைபிடித்துப்போன பூனையும் வரும். முதுகிலிருந்து வயிறு வரை ஒரே பாயாக இருக்கும். அதைச் சீப்பால் எடுக்கப் பார்ப்பது கொடுமை. ட்ரிம்மர்தான் வழி. பத்தாம் எண் பிளேடு, தோலைத் தட்டையாக இழுத்துப் பிடித்து, சூடேறுகிறதா என்று அடிக்கடி என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து ஓட்ட வேண்டும். பயந்த பூனையானால் அதற்கு முன்பு ஒரு வாரம், அது சாப்பிடும் நேரத்தில் பக்கத்து அறையில் ட்ரிம்மரை ஓடவிடச் சொல்வேன். தினமும் கொஞ்சம் கிட்டே. அப்படியும் முடியாதென்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அவர்கள் கபாபென்டின் எழுதித் தருவதுண்டு, இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுத்தால் பதற்றம் தணியும். அளவு டாக்டர் சொல்ல வேண்டியது, வீட்டிலிருக்கும் பெரியவர்களின் நரம்பு மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

அழகுக்காக உடம்பு முடியை மழிக்கும் லயன் கட் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. வெயில் காலத்தில் முடி இல்லாவிட்டால் குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்வார்கள். அடிமுடியைச் சீவி எடுத்துவிட்டாலே காற்று உள்ளே போகும். மழித்துவிட்டால் பால்கனி வெயில் நேரடியாகத் தோலில் விழும். பெர்ஷியனின் ஹிமாலயன் வகையில் இன்னொரு சங்கடமும் உண்டு. அவற்றின் நிறமி தோல் குளிர்ந்த இடத்தில் அதிகம் உண்டாகும். மூக்கும் காதும் வாலும் கறுப்பாக இருப்பது அதனால்தான். மழித்த முதுகு குளிர்ந்து, அங்கே முளைக்கிற முடி கருத்து வரும். ஏ.சி. அறையில் வளர்கிற ஒரு ஹிமாலயனுக்கு வேறெங்கோ லயன் கட் செய்துவிட்டு, "சாயம் போட்டுட்டாங்களா?" என்று என்னைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

குளியல் கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சிக்கு முழுக்க எடுத்த பிறகுதான் குளியல். சிக்கோடு நனைத்தால் காயும்போது அது இறுகிப்போகும். பயந்த பூனைக்கு ஷவர் வேண்டாம், பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீரும் சொம்பும் போதும், அடியில் கால் வழுக்காமல் ஒரு துணி. பல பெர்ஷியன்களுக்குச் சீப்பு ஒழுங்காகப் போனால் வருஷம் முழுக்கக் குளியலே தேவைப்படாது. ஆனால் பெரும்பாலும் கருத்தடை செய்யாத ஆண் பூனைகளுக்கு வால் அடியில் எண்ணெய்ப் பசை கட்டும், அதைக் கழுவித்தான் ஆகவேண்டும்.

நான் ஒரு வீட்டுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தால் அங்கே என் வேலை சரியாக நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். மாதம் ஒரு தடவை நான் வந்து ஒரு மணி நேரம் சீவுவதைவிட, வீட்டில் ஒருவர் தினமும் ஐந்து நிமிஷம் சீவுவது பூனைக்கு லேசானது. கன்னத்தில் ஆரம்பித்து, தோளில் கொஞ்சம், அன்றைக்கு ஏதாவது ஒரே ஒரு கஷ்டமான இடம், அத்தோடு நிறுத்தம். பூனை எழுந்து போவதற்கு முன்னால் நாம் நிறுத்திவிட வேண்டும். அது எழுந்து போன பிறகு நிறுத்தினால், எழுந்து போனால் சீப்பு நிற்கும் என்று கற்றுக்கொள்ளும். பெரும்பாலும் இந்த ஐந்து நிமிஷம் யாரிடம் ஒழுங்காக நடக்கிறதென்றால் வீட்டிலேயே அவசரமில்லாத ஆளிடம். பெரம்பூரில் அந்தம்மாவுக்குப் பதில் அந்த ஐயாவே சீப்பை எடுத்துக்கொண்டார். ராத்திரி செய்தி ஓடும்போது விளம்பரம் வந்தால் சீவுவார், செய்தி வந்தால் நிறுத்திவிடுவார். இதைவிட நல்ல முறை எனக்கும் தெரியாது.

கடைசியாக, வயதான பூனை வைத்திருப்பவர்களுக்கு. அக்குளிலும் வயிற்றிலும் சிக்கு விழுந்தால் என்னைக் கூப்பிடுங்கள். இதுவரை சுத்தமாக இருந்த பூனைக்குத் திடீரென்று இடுப்புக்கு மேலே, வால் தொடங்கும் இடத்தில் சிக்கு விழ ஆரம்பித்தால் டாக்டரிடம் போங்கள். அந்த இடத்தை அது இத்தனை நாள் தானே திரும்பி நக்கிக்கொண்டிருந்தது. இப்போது திரும்பவில்லை என்றால் மூட்டு வலியாக இருக்கலாம், உடம்பு பருத்திருக்கலாம், பல் வலியில் நக்க முடியாமல் இருக்கலாம். பெர்ஷியன்களில் பரம்பரையாக வரும் சிறுநீரக நோயும் உண்டு, அதில் சோர்ந்தும் நக்கிக்கொள்வதை விட்டுவிடும். பரிசோதனை முடிந்து டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குப் போன் செய்யுங்கள். எந்தப் பக்கம் தொடலாம், எந்தப் பக்கம் கூடாது என்று தெரிந்த பிறகு நான் சீப்போடு வருகிறேன்.